பிள்ளையாரடியில் மூன்று குழைகள்

முதிரையடிக்குளத்தின் பொதுநோக்கு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் கூடியிருந்தது. வாய்க்கால் துப்புரவாக்கவோ விதைப்புக்கு நாள் குறிக்கவோ கூடிய கூட்டமன்று அது. சிந்திய இரத்தம் ஒன்றுக்குப் பெயர் வைக்கக் கூடிய கூட்டம்.

இரத்தம் நவ்பருடையது. சந்தியில் பலசரக்குக் கடை நடத்துபவர் அவர். வியாழக்கிழமை மாலை, மஃரிப் தொழுகைக்குப் போவதற்காகக் கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடக் குனிந்தபோது, பின்னாலிருந்து காட்டுக்கத்தி அவர் தோளில் இறங்கியது. தடுத்த கையில் இரண்டாவது வெட்டு. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஓடிவந்து வெட்டியவனைப் பிடித்து மின்கம்பத்தோடு கட்டினார்கள். நவ்பர் வவுனியாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிரோடு கிடந்தார். வெட்டிய கிருசாந்தன் என்ற இருபத்திரண்டு வயது இளைஞன் அதே நகரில் விளக்கமறியல் சிறையில் கிடந்தான்.

அந்தக் கிருசாந்தனின் அக்காள் தயாளினி, மண்டபத்தின் நடுவரிசைக் கதிரை ஒன்றில், கைக்குட்டையைச் சுருட்டியும் விரித்தும் அமர்ந்திருந்தாள். ஊரின் முன்பள்ளி ஆசிரியை அவள். நவ்பரின் ஐந்து வயது மகள் நஃப்லா அவளிடம்தான் எழுத்துப் பழகினாள். சிவப்புக் கதிரைதான் வேண்டும் என்று அடம்பிடித்து, அதைத் தவிர வேறெதிலும் இருக்க மறுக்கும் பிள்ளை. வெட்டியவன் தம்பி; வெட்டுப்பட்டவரின் மகள் மாணவி. இரண்டு உறவும் ஒரே நெஞ்சை இரு பக்கமும் பிடித்து இழுத்தன.

விளையாட்டுக் கழகத் தலைவன் தயாபரன் எழுந்து ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தான்.

"சனங்களே, ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ளுங்கோ. வெட்டினது கிருசாந்தன் இல்லை. வெட்டினது ஐஸ் போதை. சோதிச்சுப் பாத்தாச்சு, உடம்பில இருந்திருக்கு. எங்களுக்கும் முஸ்லிம் நானாமாருக்கும் ஒரு பகையும் இல்லை. வாற கிழமை போதைக்கு எதிரா ஊர்வலம் வைப்பம். பதாகை எல்லாம் கழகம் அடிச்சுத் தரும்."

"தம்பி தயாபரன்!" மாதர் சங்கத் தலைவி விமலேஸ்வரி இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். அவளுக்கு ஒலிவாங்கி தேவைப்படுவதில்லை. "என்ர மனுசன் இருபது வருசமாக் கசிப்புக் குடிக்கிறார். வெறியில என்னை அடிச்சிருக்கிறார், நாயை அடிச்சிருக்கிறார், ஒருக்கா மாமரத்துக்கும் அடிச்சவர். ஒருநாளும் சந்திக்குப் போய் முஸ்லிம் கடையாத் தேடினதில்லை."

சிரிப்பு எழுந்தது. விமலேஸ்வரியின் கணவர் பின்வரிசையில் குனிந்து செருப்பைப் பார்த்தார்.

"அக்கா, கசிப்பும் ஐசும் ஒண்டோ? ஐஸ் அடிச்சவனுக்குத் தாய் ஆர் தகப்பன் ஆரெண்டு தெரியாது."

"தாய் தகப்பனைத் தெரியாதவனுக்கு நவ்பரின்ர கடை எப்பிடியடா தெரிஞ்சது? சந்தியில முதலாவது சைக்கிள் கடை. அடுத்தது சலூன். அதுக்கங்கால தேத்தண்ணிக் கடை. அத்தனையையும் தாண்டிக் கடைசிக் கடைக்குப் போயிருக்கு உந்த ஐஸ். நல்லா விலாசம் தெரிஞ்ச ஐஸ்!"

இம்முறை சிரிப்பு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அபிவிருத்திச் சங்கத் தலைவர் கதிர்காமநாதன் மேசையில் விரலால் தட்டினார். ஓய்வுபெற்ற தபாலதிபர், உரத்துப் பேசியறியாத மனிதர்.

"விமலேஸ்வரி, பகிடியை விடுங்கோ. பகை எண்ட ஒரு சொல் இந்த மண்டபத்தை விட்டு வெளியில போனா என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ. கமெராவோட வருவினம். எங்கட பிள்ளையள் முழுப்பேரும் பகை பிடிச்சவங்கள் எண்டு எழுதுவினம். போதை எண்டா அது உலகத்தில எல்லா ஊரிலயும் கிடக்கு. அதில வெக்கமில்லை."

வெட்கமில்லை! முதிரையடிக்குளம் அந்தச் சொல்லின் கீழே எவ்வளவு ஆசையோடு ஒதுங்கியது! ஐஸ் என்ற சொல்லுக்குள் எல்லோருக்கும் இடமிருந்தது. தாய்க்கு அங்கே மகன் நோயாளி. ஊருக்கு அங்கே குற்றம் வெளியூர்ச் சரக்கு. கழகத்துக்கு ஓர் ஊர்வலம், தலைவருக்கு ஒரு சமாதானம். வாய்க்கால் ஓரக் காணியைப் பற்றிக் கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி பறந்த குரல்பதிவுகளுக்கு அங்கே மன்னிப்பு. இடமில்லாமல் வெளியே நின்றவர் வெட்டுப்பட்ட மனிதர் ஒருவர்தான்.

அந்தக் குரல்பதிவுகளைத் தயாளினியும் கேட்டிருந்தாள். நவ்பரின் தந்தை ஜவாஹிர் தண்ணீரூற்று என்ற ஊரில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, இடுப்பில் மகனோடும் கையில் ஒரு பையோடும் புத்தளம் போனவர். திரும்பி வந்து, சந்தியில் கடை போட்டு, இந்த வருடம்தான் இவ்வூர் வாய்க்கால் ஓரத்திலிருந்த தம் தகப்பனின் பழைய வயலுக்கு எல்லைக்கட்டை நட்டார். அந்த வயலில் இரண்டு போகம் விதைத்திருந்தவன் தயாபரன். எல்லைக்கட்டை நட்ட கிழமையே பதிவுகள் பறக்கத் தொடங்கின. 'இண்டைக்கு ஒரு வயல், நாளைக்கு ஊர். பாத்துக்கொண்டிருக்கப் போறியளோ?' பெயர் சொல்லாத குரல்கள். தம்பி அவற்றைச் சோற்றுக் கோப்பையோடு குசினி வாசலில் இருந்து திரும்பத் திரும்பக் கேட்டதும், "உதை நிப்பாட்டடா" என்று தான் சொன்னதும், அவன் காதுக்குள் கருவியைச் செருகிக்கொண்டு தொடர்ந்து கேட்டதும் அவளுக்கு நினைவிருந்தன.

ஆயினும் கேட்பது வேறு, கத்தி எடுப்பது வேறு என்று அவள் தனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லித் தூங்கியும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை காலை அவள் கண்ட காட்சி மட்டும் இல்லாதிருந்தால்!

ஊருக்கும் சந்திக்கும் இடையே ஒரு காட்டுத் துண்டு. ஊர்ப்பக்கமாகக் காடு தொடங்கும் இடத்தில், பாலை மரத்தடியில், கல்லாக ஒரு பிள்ளையார். ஊரிலிருந்து காட்டுப் பாதைக்குள் நுழையும் எவரும் பச்சை இலைக் குழை ஒன்றை முறித்து, மரத்தின் தாழ்ந்த கிளையில் போட்டுவிட்டுத்தான் நுழைவார்கள். நான் போகிறேன், நீ பார்த்துக்கொள் என்பது அதன் பொருள். ஆளுக்கு ஒரு குழை. தேன் எடுக்கப் போகிறவனும் போடுவான்; பாடசாலைக்குப் போகிற பிள்ளையும் போடும்; வழி தெரியாமல் வந்த உத்தியோகத்தரும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் போடுவார். போட்ட குழையை எவரும் எடுப்பதில்லை. காய்ந்து, கருகி, தானாக விழும்வரை அது பிள்ளையாருடையது. இதில் சிந்தனை ஏதும் இல்லை. மழை வந்தால் தலையில் கை போவது போல, பாலையைக் கண்டால் முதிரையடிக்குளத்தானின் கை குழைக்குப் போகும்.

வியாழக்கிழமை நண்பகல் சந்தியடி முன்பள்ளி விட்டுத் திரும்பும்போது, தான் காலையில் போட்ட குழை வெயிலில் துவண்டு கிடந்ததை அவள் பார்த்தாள். துவளாத புதுக் குழை ஒன்றும் அப்போது கிளையில் இல்லை. மாலையானால் யானைக்குப் பயந்து ஒருவரும் அப்பாதையில் இறங்குவதில்லை. தார் வீதியால் சுற்றித்தான் போவார்கள். மறுநாள் விடிந்ததும், இரவெல்லாம் அழுத கண்ணோடு, பொலிஸ் நிலையத்துக்குப் போவதற்காக அவள்தான் அப்பாதைக்கு முதல் ஆளாகச் சைக்கிளில் வந்தாள். பாதையின் குறுக்கே சிலந்திவலை கூட அறுந்திருக்கவில்லை. கிளையில் மூன்று புதுக் குழைகள் கிடந்தன.

மூன்று!

அவற்றில் ஒன்று காம்பு நடுவே பிளந்து, கிளையில் கால்போட்டுக் குதிரையேறியதுபோல் இறுகி இருந்தது. அப்படிப் போடுகிறவன் ஊரில் ஒருவனே. சின்ன வயதில் கிருசாந்தனின் குழை காற்றில் விழுந்துவிட, பிள்ளையார் தன்னை வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்று அவன் விம்மி விம்மி அழுதான். அன்று காம்பைப் பல்லால் பிளந்து கிளையில் மாட்டக் காட்டிக் கொடுத்தவள் அக்காள். அதன்பின் அவன் குழை விழுந்ததே இல்லை.

அவள் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். போதை தலைக்கேறியவனின் கையும் பழக்கத்தால் ஒரு குழை முறிக்கலாம். சரி, அதை ஒத்துக்கொள்வோம். மற்ற இரண்டு கைகள் யாருடையவை? மூன்று பேர் இவ்விடத்தில் நின்றிருக்கிறார்கள். மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகக் குழை முறித்திருக்கிறார்கள். ஒரு மனிதனை வெட்டப் போகும் வழியில், தங்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பும்படி பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறார்கள்! வேறு எந்த ஊரானும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். முதிரையடிக்குளத்தானால் செய்யாமல் இருக்க முடியாது.

சனிக்கிழமை அவள் வவுனியாவுக்குப் பஸ் ஏறினாள். கம்பிவலைக்கு அப்பால் தம்பி நின்றான். மின்கம்பத்தில் கட்டியபோது பட்ட அடியில் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"அக்கா, அம்மா சாப்பிட்டவாவோ?"

"பிள்ளையாரடியில மூண்டு குழை கிடக்கு."

அவன் முகம் வெளிறியது. அதைவிடத் தெளிவான வாக்குமூலத்தை எந்த நீதிமன்றமும் எழுதி வாங்கியிருக்க முடியாது.

"ஐஸ் அடிச்சிட்டோ குழை முறிச்சனீ?"

அவன் கம்பிவலைக்கு அருகே வந்தான். பிறகு மிகத் தணிந்த குரலில், "இல்லை. முறிச்சாப் பிறகுதான் தந்தவை. எனக்குக் கை நடுங்கினது அக்கா. பயம் போகுமெண்டு தந்தவை" என்றான்.

"ஆர் தந்தவை?"

"பேரைக் கேளாதை. அம்மாவும் நீயும் அங்க தனிய இருக்கிறியள்."

"நவ்பர் அண்ணை உனக்கு என்னடா செய்தவர்? உனக்குக் காய்ச்சல் எண்டு வானைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்கு ஏத்தினவரெல்லோ?"

"அவர் ஒண்டும் செய்யேல்லை." மூடாத கண்ணில் நீர் நின்றது. "அவர் நல்லவர்தான். ஆனா ஒருத்தர் போனாத்தான் மற்றாக்கள் போவினம் எண்டு…" அவன் முடிக்கவில்லை. காவலர் நேரம் முடிந்தது என்றார்.

திரும்பும் பஸ் முழுவதும் அந்த முடியாத வாக்கியம் அவளோடு ஒரே இருக்கையில் வந்தது. பகைக்குத் துணிவில்லை, அது போதையிடம் துணிவை வாங்கிக்கொண்டது. இப்போது வாங்கியவனை மறைத்துவிட்டு, விற்றதை மட்டும் தூக்கிலிட ஊர் கயிறு திரிக்கிறது. ஆனால் அந்த உண்மையை எடுத்து வெளியே வைத்தால் தூக்குக் கயிறு யார் கழுத்தில் விழும்? தம்பியின் கழுத்தில்.

வீட்டு வாசலில் அம்மா சிவனேஸ்வரி காத்திருந்தாள். எடுத்த எடுப்பிலேயே மகளின் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"லோயர் சொன்னவர். போதை எண்டா புனர்வாழ்வுக்கு அனுப்பிப் போட்டு விட்டிடுவினமாம். திட்டம் போட்டு வெட்டினது எண்டு வந்தா பிள்ளை கிழவனாத்தான் வருவானாம். நாளைக்கு நவ்பரின்ர மனுசி ஹாலிதா வாறாளாம், உன்னட்டத்தான் கேப்பாளாம். நீ ஒரே ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். ஐஸ். ஒரு சொல்லுக்கு என்னடி, உன்ர நாக்குத் தேஞ்சோ போகும்?"

"அம்மா, அவையள் அதை நம்பித் திரும்பி வந்து இருந்தா?"

"இருக்கட்டும். ஆர் வேண்டாமெண்டது?"

"மற்ற ரெண்டு பேரும் ஊருக்குள்ளதானே அம்மா நிக்கிறாங்கள்."

சிவனேஸ்வரி கையை விட்டாள். "எனக்கு எண்ணத் தெரியாது. எனக்கு ஒரு மகன்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இப்போது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் நடுவே, மண்டபத்துக்கு வெளியே வான் ஒன்று வந்து நின்றது. பேச்சு அடங்கியது. நவ்பரின் மனைவி ஹாலிதாவும் மாமனார் ஜவாஹிரும் இறங்கினார்கள். ஜவாஹிருக்கு முன்வரிசையில் கதிரை போட்டார்கள். "சுகமோ நானா, இருங்கோ நானா" என்று நாலு பக்கமிருந்தும் குரல்கள். ஹாலிதா இருக்கவில்லை. நின்றபடியே கதிர்காமநாதன் சொன்னதையெல்லாம் கேட்டாள். அவர் நன்றாகவே பேசினார். போதைப்பொருளின் கொடுமையைச் சொன்னார்; இரு சமூகத்தின் உறவைச் சொன்னார்; கடையை நாளைக்கே திறக்கலாம், ஊர் காவல் நிற்கும் என்றார். கை தட்டினார்கள்.

"நல்லது ஐயா," என்றாள் ஹாலிதா. "நான் ரீச்சரிட்ட ஒண்டு கேக்கோணும்."

எல்லாத் தலைகளும் நடுவரிசைக்குத் திரும்பின. தயாளினி எழுந்தாள். முழங்கால் முன்கதிரையில் இடித்தது.

"ரீச்சர், உங்கட தம்பி. உங்களுக்குத்தான் தெரியும். போதையில செய்ததெண்டா, அது ஒரு விபத்து மாதிரி. நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவன். கடை திறப்பம். போதை இல்லை எண்டா…" முந்தானையை இழுத்துத் தலையில் விட்டுக்கொண்டாள். "பிள்ளையின்ர வாப்பாவுக்கு இன்னும் ஒரு கைதான் மிச்சம் கிடக்கு. சொல்லுங்கோ, நான் இஞ்ச வந்து படுத்து நித்திரை கொள்ளலாமோ?"

என்ன கேள்வி அது! சட்டம் கேட்கும் கேள்வியை ஊர் மூன்று நாளாக விவாதித்தது. ஒரு தாய் கேட்கும் கேள்வியை இவ்வளவு நேரமும் எவரும் கேட்கவில்லை. போதை என்றால் ஆபத்து ஒருவனோடு சிறைக்குப் போய்விட்டது. பகை என்றால் அது இதே மண்டபத்தில் கதிரை போட்டு இருக்கிறது. ஹாலிதாவின் நித்திரை, நஃப்லாவின் சிவப்புக் கதிரை, எல்லாம் தன் நாக்கின் நுனியில் நிற்பதைத் தயாளினி உணர்ந்தாள். கதவோரத்தில் அம்மா நிற்பது தெரிந்தது. அந்தப் பக்கம் பார்த்தால் பேச முடியாது என்பதும் தெரிந்தது.

"போதை இருந்தது," என்றாள்.

அம்மாவின் மூச்சு இங்குவரை கேட்டது போலிருந்தது.

"ஆனா போதை பிறகுதான் வந்தது. முடிவு முதலே எடுத்தாச்சு. ஹாலிதா, என்ர தம்பி தெளிவோட வந்து பிள்ளையாரடியில குழை முறிச்சிருக்கிறான். தனிய வரேல்லை. மூண்டு குழை கிடக்கு. வெள்ளி விடியக்காலமை நான் என்ர கண்ணால கண்டனான். இப்பவும் கிடக்கு. அதுக்குப் பிறகுதான் பயம் தெளிய மற்றவை அவனுக்கு ஐசைக் குடுத்திருக்கினம். என்ர தம்பியே சொன்னவன். நீங்கள் இருந்த காணிக்காகவும், நீங்கள் இருக்கிறீங்கள் எண்டதுக்காகவும்தான் வெட்டினவை. பொலிசிலயும் நான் இதைச் சொல்லுவன்."

ஒரு கதிரை பின்னால் சரிந்து விழுந்தது. சிவனேஸ்வரி கதவோரத்தில் நிலத்தில் குந்திவிட்டாள். சத்தம் கிளம்பியது. "விசர்க் கதை!" "குழையை வச்சோ கேஸ் நடத்துறது?" "தம்பியை விக்கிறாள் பாருங்கோ!" அந்த இரைச்சலுக்குள், வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் உதைத்துக் கிளம்பியதை அவள் கேட்டாள். அப்போது அதை எண்ணிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"போய்ப் பாப்பம்," என்று விமலேஸ்வரி சேலைத் தலைப்பைச் செருகினாள். "கதைச்சு என்ன? கிடந்தாக் கிடக்கட்டும். கிடக்காட்டி ரீச்சர் பொய். இரண்டில ஒண்டு."

ஊர் நடந்தது. முன்னால் கதிர்காமநாதன்; அவருக்குப் பின்னால் ஜவாஹிர், மருமகளின் தோளைப் பிடித்தபடி. தயாளினிக்கு இருபுறமும் ஒருவரும் வரவில்லை. வயல்வரம்பு முடிந்து காடு தொடங்கும் இடம் வரமுன்னரே மணம் வந்துவிட்டது. பச்சை இலை எரிந்த மணம்.

பாலை மரத்தின் தாழ்ந்த கிளை வெறுமையாக, கரி பூசி நின்றது. புதுக் குழை, பழைய குழை, ஆண்டுக்கணக்காகக் குவிந்து மக்கிய குழை, ஒன்றும் இல்லை. பிள்ளையாரின் காலடியில் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது. பெற்றோல் மணம் இன்னும் காற்றில் நின்றது. மணலில் ஒரு சில்லுத் தடம் அரைவட்டமிட்டுத் திரும்பித் தார் வீதிப் பக்கம் போயிருந்தது.

சாட்சியைக் காணவில்லை என்று துள்ள வேண்டியவர்கள் துள்ளவில்லை. போர் நடந்த காலத்திலும், ஊரே இடம்பெயர்ந்து காடு மூடிய காலத்திலும், எவரும் தொடாத குழைகள் அவை. மண்டபத்திலிருந்து இவ்வளவு தூரம் ஓடிவந்து அவற்றுக்கு நெருப்பு வைக்க ஒருவனுக்குத் தேவை இருந்திருக்கிறது. மூன்று குழை கிடந்தது பொய்யென்றால், இந்தச் சாம்பல் எதற்கு? ஒவ்வொருவரும் அக்கம்பக்கம் பார்த்தார்கள். யார் இங்கே இருக்கிறார், யார் இல்லை என்று கண்கள் எண்ணின. தயாபரனை எங்கும் காணவில்லை. அதை எல்லோரும் கண்டார்கள். ஒரு வாயும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

ஹாலிதா சாம்பலைப் பார்த்தாள். பிறகு முகங்களை, ஒவ்வொன்றாக.

"இதை எரிச்சவர்," என்று கேட்டாள், "அவரும் ஐஸ் அடிச்சோ எரிச்சவர்?"

கதிர்காமநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போடாமல் கையிலேயே வைத்திருந்தார். ஊர்வலம் பற்றி அன்று எவரும் பேசவில்லை. கலைந்தது என்று சொல்லக்கூட முடியாதபடி, கூட்டம் ஒவ்வொருவராக மரங்களுக்கிடையில் மறைந்தது. கடைசியில் கதிர்காமநாதன் தயாளினியின் அருகில் வந்து, "பொலிசுக்குப் போகேக்க சொல்லு பிள்ளை. நானும் வாறன்" என்றார். குரலில் உறுதி இல்லை. ஆயினும் பிற்பகல் வந்தார். இருவரும் சொன்னார்கள். பொலிசார் எழுதிக்கொண்டார்கள்.

அந்திப் பொழுதில் வீட்டு வேலிக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது, ஆள் இறங்கவில்லை. தயாளினி விளக்கைப் போடாமல் யன்னலோரம் நின்றாள். அம்மா அன்று முழுவதும் அவளோடு ஒரு சொல் பேசவில்லை. இப்போது எழுந்துவந்து, மகளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிட்டுத் தான் யன்னலுக்கு முன்னால் நின்றாள். சற்று நேரத்தில் அது போய்விட்டது. சிவனேஸ்வரி திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை தார் வீதியால் போகலாம் என்றுதான் தயாளினி நினைத்தாள். சைக்கிள் தானாகக் காட்டுப் பாதைக்குத் திரும்பியது. சாம்பலுக்கு முன் நின்று குழை ஒன்றை முறித்தாள். காம்பைப் பல்லால் பிளந்து, கரிக் கிளையில் கால்போட்டு இருத்தினாள். காட்டுக்குள் ஏதோ சுள்ளி முறிந்தது, யானையோ மனிதனோ. அவள் திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள்.

சந்தியில் கடைசிக் கடையின் இரும்புக் கதவு பாதி உயர்ந்திருந்தது. அதன் முன்னால், இரத்தம் கழுவிய சீமெந்தின் மேல், ஜவாஹிர் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்திருந்தார்.

"நானா! நீங்கள் போகேல்லையே?"

"மருமகள் பிள்ளையோட வவுனியாவில. அவளை வா எண்டு நான் சொல்லமாட்டன்." அவர் வீதியைப் பார்த்தபடியே பேசினார். "தொண்ணூறில போகச் சொல்லேக்க, ஏன் எண்டு நாங்கள் கேட்டம். ஒருத்தரும் சொல்லேல்லை. பக்கத்து வீட்டுக்காரனும் முத்தத்தில நிண்டுகொண்டு சொல்லேல்லை. இந்த முறை ஏன் எண்டு ஒரு ஆள் சொல்லிப்போட்டா. அதுவும் வெட்டினவன்ர அக்கா. ஏன் எண்டு தெரிஞ்சா, எனக்கு இருந்து பாக்கேலும்."

"பயமில்லையோ நானா?"

"பயம்தான் ரீச்சர். பயமில்லாமல் ஆர் இப்ப இருக்கினம்?"

அவள் சைக்கிளை உருட்டத் தொடங்கினாள். பத்தடி போகமுன் அவர் குரல் பின்னால் வந்தது.

"ரீச்சர், பேத்தியின்ர சிவத்தக் கதிரையை வேற பிள்ளைக்குக் குடுத்துப் போடாதேங்கோ."